பொன்னம்மா அக்காவின் லாப்டாப்பும் எங்கள் காதும்

போன மாதம், காயலுக்கு அக்கரையில் பிராட்வேயில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் இரண்டு பேர் என்னை வழியில் பிடித்துக்கொண்டார்கள். “முத்து அண்ணா, நீங்க இப்ப சாயா குடிச்சிட்டுச் சும்மாத்தானே இருக்கீங்க. அந்தக் காலத்து லாப்டாப்புல ஹெச்டி படம் ஓட்ட நீங்கள்லாம் ராப்பகலாக் கஷ்டப்பட்டதாச் சொல்றாங்களே, அது என்ன கதைன்னு எழுதுங்களேன். இப்ப கைக்குழந்தை கையில இருக்கிற போன்லகூட ஓடுது. எங்களுக்கு நம்பவே முடியல.”

நம்பாமல் இருப்பது அவர்கள் தப்பில்லை. எழுதுகிறேன். பெருமையாக ஏதாவது வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அப்பாவுக்கு மட்டாஞ்சேரியில் நகராட்சித் துப்புரவு வேலை. மலையாளம் கடைப் பலகை பார்த்துப் படித்தது, தமிழ் வாரப் பத்திரிகை பார்த்துப் படித்தது, எலெக்ட்ரானிக்ஸ் ஆசானைப் பார்த்துப் படித்தது. மூன்றிலும் பிழை இருக்கும்.

ஆசான் என்று நான் சொல்வது அந்தோணி ஆசானை. பஜார் ரோட்டை ஒட்டிய சந்தில் அவருக்கு டிவி, வீடியோ டெக் ரிப்பேர் கடை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்தேன். முதல் சில வருடம் ஸ்க்ரூ கழற்றியதும் துடைத்ததும்தான், அதை விரித்து எழுத ஒன்றுமில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்து வாடிக்கையாளர்கள் பேசுவதைக் கேட்டேன் பாருங்கள், அதுதான் எனக்குக் கிடைத்த படிப்பு. மெஷினுக்கு என்ன கோளாறு என்று ஒருத்தரும் மெஷின் பாஷையில் சொல்ல மாட்டார்கள். சுக்கு கமிஷன் வியாபாரம் செய்த சேட்டு, “பாய், என் படம் நொண்டுது” என்பார். சாயாக்கடை ஹம்சிக்கா, “படத்துக்கு விக்கல் எடுக்குது, கொஞ்சம் வெள்ளம் கொடு” என்பார். ஒரு டீச்சரம்மா வந்து, “இது நல்லாப் படிச்சிட்டு இருந்த பிள்ளை, திடீர்னு திக்குது” என்றார். மூன்றும் ஒரே கோளாறுதான். ஆனால் மூன்று பேர் சொன்னதையும் கேட்டால் எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது வரை தெரிந்துவிடும்.

ஆசானுக்கு ஒரு முறை இருந்தது. டெக்கைச் சரிசெய்து முடித்ததும் கேசட்டைப் போடுவார். போட்டுவிட்டு நாற்காலியை டிவிக்கு முதுகு காட்டித் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்வார். பாட்டு கொஞ்சம் இழுத்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. நடுங்கினால் உருளையில் பிசுக்கு. ஒரு தடவை எங்கள் எல்லோர் கண்ணுக்கும் படம் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்போது, “நிறுத்தெடா, டேப்பைத் தின்னப் போவுது” என்றார். திறந்து பார்த்தால் சுருள் நகம் அளவுக்கு வெளியே வந்திருந்தது. “படத்தைப் பார்த்து யாரும் சொல்லுவான் முத்தூ. கேட்டுச் சொல்றவன்தான் மெக்கானிக்கு,” என்பார். அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையசைத்தால்தான் மெஷின் கடையை விட்டுப் போகும். அந்தப் பக்கத்தில் அவர் காதுக்கு அப்படியொரு மரியாதை இருந்தது. இன்னொரு வழக்கமும் உண்டு. எடுத்த வேலையை வேறு கடைக்குக் கொடுக்க மாட்டார். அது அவருக்கு மானக்கேடு.

டெக் போய் விசிடி வந்தது, பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஆசான் விடவில்லை, அந்த வயதில் மௌஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டார். முதுகு காட்டி உட்கார்வதையும் விடவில்லை.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஹெச்டி வீடியோ எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தது. கல்ஃபிலிருந்தும் கப்பலிலிருந்தும் வருகிறவர்கள் புதுக் கேமராவில் எடுத்துக்கொண்டு வருவார்கள், வீட்டு லாப்டாப்பில் போட்டால் ஓடாது. ஏன் ஓடாது என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொல்கிறேன். ஹெச்டி படம் என்பது இறுக்கிக் கட்டிய மூட்டை. ஓடஓட அவிழ்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைய லாப்டாப்பின் ப்ராசஸர் ஒற்றை ஆள், அவிழ்த்து முடிப்பதற்குள் அடுத்த மூட்டை தலையில் விழும். அப்போது பிளேயர் என்ன செய்யும் தெரியுமா? சத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டு படத்தில் நாலைக் கீழே போட்டுவிடும். சத்தம் அறுந்தால் ஜனங்கள் கத்துவார்கள், படத்தில் நாலு போனால் பொறுத்துக்கொள்வார்கள் என்று அதைச் செய்தவர்களின் கணக்கு.

எங்கள் வைத்தியமும் ஒரு வரிசையாகத்தான் நடக்கும். முதலில் அடிப்பக்கம் திறந்து ஃபேனை எடுப்போம். மட்டாஞ்சேரி லாப்டாப் என்றால் உள்ளே மிளகுத் தூசியும் சுக்குத் தூசியும் கம்பளி மாதிரி படிந்திருக்கும், திறந்தவனுக்குப் பத்துத் தும்மல் நிச்சயம். தூசி அடைத்தால் சூடு, சூடானால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு பேட்டரி மிச்சம் பிடிக்கும் செட்டிங்கை மாற்றி முழு வேகம் வைப்போம். பிறகு டிஸ்ப்ளே டிரைவர். பிறகு மூட்டையை அவிழ்க்கிற புரோகிராம், அதைக் கோடெக் என்போம், அதில் கனம் குறைந்ததாகப் போடுவோம். இத்தனைக்கும் மசியாவிட்டால் படத்தையே பாதியாகச் சுருக்கிக் கொடுத்துவிடுவோம். ஆசான் திரும்பி உட்கார்ந்து கேட்பார். சத்தம் அறுபடாமல் ஓடினால் பாஸ். யாரும் குறை சொன்னதில்லை.

பொன்னம்மா அக்கா வந்தது ஒரு திங்கட்கிழமை. துணிப்பையில் லாப்டாப்பை அணைத்துக்கொண்டு வந்தார். கூட வந்தவர் வள்ளி அக்கா, அடுத்த வீட்டுக்காரர், நகராட்சி வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்.

“தம்பி, இவ பொன்னம்மா. பொறந்ததுலேந்து காது கேக்காது, பேச்சும் இல்ல. மகன் குமாரு கப்பல்ல இருக்கான். அவன் கூட்டாளி ரெஜி லீவுல வந்தப்ப இதைக் கொடுத்துவிட்டிருக்கான். குமாரு பேசி வீடியோ எடுத்திருக்கான், அது ஓட மாட்டேங்குது.”

“என்ன செய்யுது அக்கா?”

“எனக்கென்ன அறியும்? ஓடி ஓடி நிக்குது. கேட்டோ, ரெஜி வெள்ளிக்கிழமை காலையில பிளைட்டு. அவன் கப்பல்ல ஏறும்போது இவ பதிலைக் கொண்டுபோய்ச் சொல்லணும். இங்க வெலிங்டன் தீவுல ஒரு பட்டறையில குமாருக்குக் கரை வேலை வந்திருக்கு. கப்பலை விட்டுட்டு வரட்டுமா, இல்ல இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமான்னு அம்மாகிட்ட கேட்டிருக்கானாம், ரெஜி சொன்னான்.”

“அதான் தெரிஞ்சிடுச்சே. வான்னு சொல்லிட வேண்டியதுதானே?” என்றேன்.

வள்ளி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “நானும் அதைத்தான் சொன்னேன். இவ சம்மதிக்கணுமே! கப்பல்ல சம்பளம் அதிகம், கடல்னா அவனுக்கு உயிரு. எனக்காகக் கேக்கறானா, மனசாரக் கேக்கறானான்னு அவன் மூஞ்சியைப் பார்த்தாத்தான் தெரியும், பார்க்காமப் பதில் சொல்ல மாட்டேன்னு ஒரே பிடிவாதம். மகன் பேசறது இவளுக்கு மனசிலாகணும், அவ்வளவுதான். ஆசானே, பார்த்துச் செய்யுங்க. எனக்கு நேரமாச்சு.” போய்விட்டார்.

பொன்னம்மா அக்கா நின்றார். ஆசானின் முகத்தையே பார்த்தார். திரையைக் காட்டி விரலை இழுத்து, நிறுத்தி, இழுத்து, நிறுத்தி ஏதோ சொன்னார். ஆசான் இரண்டு கையையும் உயர்த்தி, “எல்லாம் சரியாக்கித் தரலாம்” என்று பலமாகச் சொன்னார். காது கேட்காதவரிடம் நாம் எல்லோரும் பலமாகத்தானே பேசுவோம்.

அவர் போனதும் ஆசான் வீடியோவைப் போட்டார். கப்பல் மேல்தளத்தில் ஒரு பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், பின்னால் கடல். ஆசான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். சத்தமே இல்லை.

“எடா, இதுதான் கோளாறு. ஆடியோ போயிருக்கு.”

“காது கேக்காதவங்களுக்கு ஆடியோ எதுக்கு ஆசானே?”

“மண்டா! அவங்களுக்குக் கேக்காது, அதனால வேற ஆள்தானே கேட்டுச் சொல்லணும்? கேக்கறவனுக்குத் தெளிவா இருக்க வேண்டாமா?”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்த மாதிரிக் கேமராவில் எடுத்ததற்கு எங்கள் விண்டோஸில் சத்தம் வராது என்பது முன்பே கண்ட சங்கதி. அதற்கான கோடெக்கைப் போட்டோம். சத்தம் வந்தது. எஞ்சின் இரைச்சல், காற்று, நடுவில் யாரோ இருமுவது, தட்டு வைப்பது, அவ்வளவுதான். பையன் வாய் அசைகிறது, குரல் இல்லை. இரைச்சலுக்குள் குரல் புதைந்திருக்கிறது என்று ஆசான் முடிவு கட்டினார். அதைத் தோண்டி எடுக்க உட்கார்ந்தோம். கனத்த ஓசையைக் குறைப்பது, மெல்லிய ஓசையை ஏற்றுவது, இடது தனி, வலது தனி. செவ்வாய் போனது, புதன் போனது. ஆசான் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. “ஏதோ கேக்குதெடா... ‘அம்மா’ன்னு கேக்குது,” என்பார். நான் வாங்கி வைத்தால் காற்று.

வியாழக்கிழமை பொன்னம்மா அக்கா தனியாக வந்தார். நான் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்று கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திரையில் குமாரின் வாயைத் தொட்டுக் காட்டினார், தன் கண்ணைக் காட்டினார். தன் உதட்டை அசைத்து மெல்ல ஒரு சொல் சொன்னார், ஓசையில்லாமல். எனக்குப் புரிந்தது. “குமார்.” அதன்பின் அதே விரல், இழுத்து, நிறுத்தி, இழுத்து, நிறுத்தி.

நான் வீடியோவைத் திரும்பப் போட்டேன். அதன் நடுவில் ஒரு இடத்தில் யாரோ இருமுவதும், தட்டு வைக்கும் சத்தமும் தெளிவாகக் கேட்கும். மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தோம். மைக் நன்றாக இருந்தால்தானே இருமல் கேட்கும்? குமார் குரல் கொடுக்கவே இல்லை. அவன் பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் தாயும் மகனும் பேசுவது உதட்டால். அம்மாவிடம் பேசும்போது குரல் எழுப்ப வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது. நாங்கள் தேடியது உலகத்தில் இல்லாத சத்தம்.

ஆசானிடம் சொன்னேன். அவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, அத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் திரையைப் பார்த்து உட்கார்ந்தார். உதடு திறக்கிறது, நிற்கிறது, அடுத்து மூடியிருக்கிறது. நடுவில் என்ன சொன்னான் என்பது எங்கும் இல்லை. “கர்த்தாவே, இதைத்தானா அந்தப் பொம்பளை முதல் நாளே விரலால சொல்லிச்சு,” என்றார்.

அன்று பார்த்த வேலைதான் என் வாழ்நாளில் பார்த்த கஷ்டமான வேலை. ஃபேனைத் துடைத்தோம். கப்பல் எண்ணெய்ப் பிசுக்கு, ஸ்பிரிட் போட்டுக் கரைக்க வேண்டியிருந்தது. முழு வேகம் வைத்தோம். டிரைவர் மாற்றினோம். தேறியது, ஆனால் போதவில்லை. கனம் குறைந்த கோடெக் போட்டால் ஓடுகிறது, ஆனால் அது ஓரங்களை மெழுகாமல் விடும், உதட்டோரம் கட்டம் கட்டமாக உடைந்தது. பாதியாகச் சுருக்கினால் வழவழவென்று ஓடுகிறது, உதடு கலங்கிப் போகிறது. பொன்னம்மா அக்கா பார்த்துவிட்டுக் கையை விரித்தார். பிறகு வள்ளி அக்கா சொல்லித்தான் தெரிந்தது, முன்பு ஒரு தடவை மகன் சாதாரணக் கேமராவில் எடுத்து விசிடியாக அனுப்பியது இப்படித்தான் கலங்கியிருந்ததாம், அதனால்தான் அவன் ஹெச்டி கேமரா வாங்கியதே. ஆக எங்கள் வைத்தியம் எல்லாம் காதுள்ளவர்களுக்கு ஏற்பட்ட வைத்தியம்.

“ஆசானே, பிராட்வேக்குக் கொண்டுபோயிடலாம். அங்க புது மெஷின் இருக்கு, அப்படியே ஓடும்,” என்றேன்.

“நம்ம கைக்கு வந்த வேலை காயல் தாண்டாது. வேற வழி பாரு.”

வழி ஒன்று அகப்பட்டது. படத்தைச் சுருக்குவதற்குப் பதில் வெட்டினேன். கடலை வெட்டினேன், வானத்தை வெட்டினேன், கம்பி, கப்பல், சட்டை எல்லாவற்றையும் வெட்டி முகத்தை மட்டும் விட்டேன். முகத்தின் நுணுக்கம் அப்படியே இருக்கும், மூட்டை மட்டும் சின்னதாகும். சத்தத்தையும் எடுத்து எறிந்தேன். ஒரு துண்டு மட்டும் செய்து காட்டியதும் பொன்னம்மா அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். இதுதான், இதுதான் என்கிற மாதிரி.

ஆனால் முழுவதையும் அப்படி மாற்றி எழுத எங்கள் கடை மெஷினுக்கு மணிக்கணக்கில் வேலை. ஓடவிட்டோம். முக்கால்வாசி ஆனபோது கரண்ட் போனது. அரைமணி நேரம் வழக்கமாகப் போவதுதான், யூபிஎஸ் தாங்கும் என்று நினைத்தோம், தாங்கவில்லை. எல்லாம் போய் முதலிலிருந்து ஆரம்பித்தோம். மெஷினை ஓடவிட்டுக் கடையைப் பூட்டினோம்.

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் வந்தபோது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பொன்னம்மா அக்காவும் வள்ளி அக்காவும் படியில் காத்திருந்தார்கள். சற்று நேரத்தில் ரெஜி வந்தான். சந்து முனையில் அவன் டாக்ஸி நின்றது.

“ஆச்சா முத்துச் சேட்டா? நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்கு நேரமாகுது.”

“அரை மணிக்கூர் கொடு மோனே,” என்றார் ஆசான். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

“அரை மணிக்கூரா? இப்பவே வைகிப் போச்சு.” ரெஜி பொன்னம்மா அக்காவின் எதிரே போய் நின்று தெளிவாக வாயசைத்தான். “அம்மா, நான் என்ன சொல்லட்டும்? வரச் சொல்லட்டுமா?”

அவர் திரையைக் காட்டினார். அதில் கோடு ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தலையை இல்லை என்று அசைத்தார்.

“எடி, சும்மா வான்னு சொல்லித் தொலையேன்!” வள்ளி அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. “அவன் வந்தா உனக்குத்தானேடி நல்லது?”

பொன்னம்மா அக்கா அசையவில்லை. டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். “குமாரு என் மூஞ்சியைத்தான் பார்த்துட்டு நிப்பான் சேட்டா,” என்று என்னிடம் சொல்லிவிட்டு ரெஜி போனான்.

மதியத்துக்குச் சற்று முன்னால் படம் முடிந்தது. லாப்டாப்பில் போட்டோம். விக்கல் இல்லை, நொண்டல் இல்லை. குமாரின் முகம் திரை முழுக்க. பொன்னம்மா அக்கா குனிந்து பார்த்தார். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார், பதிலுக்கு ஏதோ வாயசைத்தார், எதிரே ஆள் இருப்பது போலவே. முடிந்ததும் வள்ளி அக்காவின் கையைப் பிடித்து வேகவேகமாகச் சொன்னார்.

“மனசாரத்தான் கேக்கறானாம். அவனுக்கே கடல் போதும்னு ஆயிடுச்சாம். கண்ணைப் பார்த்தாலே தெரியுதாம். வரச் சொல்லணுமாம், இப்பவே சொல்லணுமாம்!”

ரெஜியின் போன் அணைந்திருந்தது. ஆசான் சட்டையை மாட்டிக்கொண்டு, படகேறி, வெலிங்டன் தீவில் அந்தக் கப்பலின் ஏஜென்ட் ஆபீசுக்குப் போனார். காவலாளியிடம் மல்லுக்கட்டி, குமாஸ்தாவிடம் கைகூப்பி, இரண்டு வரிச் செய்தியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அதைச் சில நாள் மேஜையில் போட்டுவைத்துத்தான் கப்பலுக்கு அனுப்பினார்கள் என்று பிறகு தெரிந்தது. அது குமார் கைக்குப் போனது, ரெஜி வந்து “அம்மா ஒண்ணும் சொல்லல” என்று சொல்லி, குமார் கையெழுத்தும் போட்ட பிறகு. பட்டறைக்காரர்களும் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் அந்த மாதிரி வேலை அவனுக்குக் கரையில் வாய்க்கவில்லை. ஒரு வருஷம் முடிந்தால் இன்னொரு வருஷம் என்று கப்பலிலேயே இருந்துவிட்டான்.

அந்த ஒப்பந்தம் முடிந்து லீவில் வந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். குற்றம் சொல்ல வரவில்லை, லாப்டாப்பில் பேட்டரி மாற்ற வந்தான். ஆசான் எழுந்து நின்றார்.

“மோனே, அம்மாகிட்ட சொல்லு. ஆசானுக்கு வருத்தம்னு சொல்லு.”

“நீங்களே சொல்லுங்க ஆசானே. வாயைப் பார்த்தா அம்மாவுக்கு மனசிலாகும்.”

ஆசான் பொன்னம்மா அக்காவின் முன்னால் போய் நின்று சொன்னார். அவர் புரியாமல் விழித்தார். குமார் சிரித்துவிட்டான். “ஆசானே, உங்க மீசை மறைக்குது.”

ஆசானின் மீசை அப்படி, மேலுதடு இருப்பதே தெரியாது. அவர் இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குரல் இல்லாமல், எழுத்துக் கூட்டுகிற பிள்ளை போல மறுபடி சொன்னார். பொன்னம்மா அக்கா உற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை. பிறகு அவரும் ஓசையின்றி ஏதோ பதில் சொன்னார்.

“பரவாயில்லன்னு சொல்றாங்க ஆசானே,” என்றான் குமார்.

ஆசான் பெருமூச்சு விட்டார். வெகுநாளுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்தது.

ஆனால் அந்த வாரம் குமாரின் உதட்டையே திரும்பத் திரும்பப் பார்த்து வெட்டியவன் நான். மகனின் உதடும் தாயின் உதடும் ஒரே சொல்லுக்கு ஒரே மாதிரிதான் குவியும். பொன்னம்மா அக்கா பரவாயில்லை என்று சொல்லவில்லை. “அரை நாள் முந்தி காட்டியிருந்தா இவன் என்கூட இருந்திருப்பான்” என்றார். நான் நிமிர்ந்தபோது குமார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் படித்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்பதுபோல் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான்.

ஆசான் காலமாகிச் சில வருடம் ஆகிறது. அவரிடம் கடைசிவரை நான் அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் வாசலுக்குப் போய், ஹம்சிக்கா கடையைப் பார்த்து, “நாலு சாயா! ஒண்ணுல சர்க்கரை கூட!” என்று சந்தே அதிரக் கத்தினார். சாயா வந்தது. பொன்னம்மா அக்கா தன்னுடையதை ஆறும்வரை கையிலேயே வைத்திருந்துவிட்டு, மகன் குடித்து முடித்ததும் அதையும் அவன் கையில் கொடுத்தார்.